நகம் தெரிந்தால் நாய் கிடையாது

ஒரு காட்டில் நாய்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. எந்தக் காடு என்று கேட்பீர்கள். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்தில் இடப்பக்கம் இறங்கினால் வரும். வலப்பக்கம் இறங்கினால் பள்ளம். இதற்கு மேல் அடையாளம் சொன்னால் அங்கே ஒரு ரிசார்ட் வந்துவிடும், ஆகையால் சொல்லப்போவதில்லை.

காட்டில் நாய்க்கு என்ன வேலை என்றும் கேட்பீர்கள். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் நாயோடு வந்து நாயில்லாமல் திரும்புகிற வழக்கம் அப்போது பரவியிருந்தது. கார் நிற்கும். கதவு திறக்கும். நாய் இறங்கும். கதவு மூடும். கார் போய்விடும். நாய் மட்டும் அந்த வளைவிலேயே உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு காரையும் எழுந்து நின்று பார்க்கும்.

இதைக் கண்டு மனம் பொறுக்காத விசாலாட்சி என்ற நாரை, ஏரிக்கரையில் இல்லத்தைத் தொடங்கியது. நாய் இறங்கியதைப் பார்த்த அன்றைக்குத் துக்கத்தில் ஒரு மீன்கூடத் தின்னவில்லை என்று நாரை சொல்லும். மீன்கள் வேறு மாதிரி சொல்லும். மீன் சொல்வதை யார் கேட்கிறார்கள்.

கடைசியாக அங்கே வந்து சேர்ந்த நாயின் பெயர் சுல்தான். வெள்ளை நிறம், பொசுபொசுவென்று முடி, எப்போதும் நீர் வடிகிற ஒரு கண். பெயர்தான் பெரியது. ஆள் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும். உள்ளங்கை கரடியுடையதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு உள்ளங்கை வந்தது. மாராத்தாள் என்ற கரடி. அதன் மகன் நல்ல தேன் கிடைக்கிறது என்று கர்நாடகப் பக்கத்துக் காட்டுக்குப் போனவன், அங்கேயே ஒரு கரடிச்சியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். தனியாக இருந்த மாராத்தாள் கரையான் புற்றுகளோடு பேசிப் பழகியது. பேசி முடித்ததும் பசியில் அதையே தோண்டித் தின்றுவிடும் என்பதால் பேச்சுத்துணை எதுவும் நிலைக்கவில்லை. தின்ன மனசு வராத துணையாக ஒன்று வேண்டும் என்றுதான் இல்லத்துக்கு வந்தது.

வாசலில் உட்கார்ந்த மாராத்தாளைச் சுல்தான் ஒருமுறை முகர்ந்தது. பிறகு யாரையும் கேட்காமல் அதன் கழுத்து முடிக்குள் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. காரிலிருந்து இறங்கிய நாள் முதல் அது தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும். அன்றைக்கு எழவில்லை.

"பாருங்க நாரையம்மா, பழகிட்டான்," என்றது மாராத்தாள். குரலைக்கூட உயர்த்தவில்லை, தூக்கம் கலைந்துவிடுமே என்று.

"பழகறது வேறங்க. தகுதி வேற," என்றது விசாலாட்சி. "உங்க வீட்ல யார் யாரு?"

"நான் ஒருத்திதானுங்க."

"தனி ஆளா? நீங்க வெளிய போனா நாயை யாரு பாக்கறது?"

"கூடவே கூட்டிட்டுப் போயிடுவேனுங்க."

"எங்கே?"

"தேன் எடுக்க."

"தேனீ கொட்டற இடத்துக்கா?" நாரை தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தது. அது காலைக் கீழே வைத்தால் விஷயம் கெட்டுவிட்டது என்று அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். "எதுக்கும் வீட்டைப் பாத்துடலாம். தண்டபாணி அண்ணன் வருவாரு."

வீடு பார்க்காமல் அந்த இல்லத்தில் நாய் தருவதில்லை. அதைப் பார்க்கிற பொறுப்பு முள்ளம்பன்றி தண்டபாணியுடையது. நாயைக் குத்தக்கூடிய, கீறக்கூடிய எந்தக் கூர்மையும் வீட்டில் இருக்கக்கூடாது என்பதில் அது மிகவும் கண்டிப்பு. எதற்காக முள்ளம்பன்றியைப் போய் இந்த வேலைக்கு வைத்தார்கள் என்று கேட்டால், கூர்மையைப் பற்றி அதைவிட அனுபவசாலி யார் என்று நாரை திருப்பிக் கேட்கும்.

தண்டபாணி வந்தது. மாராத்தாளின் குகைக்குள் நுழைந்து சுற்றிவந்தது. திரும்பும்போது அதன் முதுகு முள் பட்டுத் தண்ணீர்க் குடுக்கை ஓட்டையானது, இலைப்படுக்கை கிழிந்தது. கடைசியில் மாராத்தாளின் கையைப் பார்த்து நின்றது.

"இதென்னங்க?"

"நகமுங்க."

"இவ்வளவு நீளமா?"

"புத்து தோண்டோணுமில்லீங்க."

"உள்ளே இழுங்க பாக்கலாம்."

மாராத்தாள் முயன்று பார்த்தது. கரடிக்கு நகம் உள்ளே போகாது. ஆண்டவன் வெளியே வைத்தது வெளியேதான் இருக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தது.

"மறைக்கறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல," என்று சொல்லிவிட்டுத் தண்டபாணி போய்விட்டது. போகும்போது ஒரு முள் உதிர்ந்து மாராத்தாளின் பாதத்தில் குத்தி நின்றது. அது வேறு கதை.

மாராத்தாள் மட்டுமா. குரங்கு கேட்டது, மாடி வீடு, கம்பி வலை இல்லை என்றார்கள். யானை கேட்டது, கூட்டுக்குடும்பம், காலடி சரியில்லை என்றார்கள். காட்டில் நாய் கேட்ட எல்லோரும் கெட்டவர்கள் என்று தெரிந்துபோனதில் நாரைக்கு ஒரே வருத்தம். இத்தனை பேர் கெட்டவர்களாக இருக்கும்போது நாம் ஒருத்திதானே நல்லவள் என்று நினைக்கையில் கொஞ்சம் ஆறுதல்.

அப்போது வந்தது நஞ்சப்பன் என்ற சிறுத்தை.

தூரத்தில் வாடை வந்தபோதே சுல்தான் நாரையின் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. நாரையின் கால் பென்சில் தடிமன். எவ்வளவு ஒளியமுடியும்.

"அம்மா, அவரு என்னையப் பாத்து எச்சில் முழுங்கறாருங்க."

"அது பாசம் கண்ணு. உன்னைக் கார்ல இருந்து இறக்கிவிட்டாங்க இல்ல, அதுல இருந்து உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம். போகப் போகச் சரியாயிடும்." நாரை குரலைத் தாழ்த்தியது. "இனம் பாத்து ஒருத்தரை ஒதுக்கறது இந்த இல்லத்துல கிடையாது. அது அசிங்கம்."

நஞ்சப்பன் கைகளை மடித்துப் பணிவாக உட்கார்ந்தது. ஒரு வார்த்தை பொய் சொல்லக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டுதான் வந்திருந்தது. அந்த வகையில் அது யோக்கியன்.

"நாய் வளத்த அனுபவம் உண்டுங்களா?"

"வளத்ததில்லீங்க. ஆனா சின்ன வயசுல இருந்தே நாய்னா உசுரு. எங்கம்மா பழக்கிவிட்டது."

"எந்த ஜாதி நாய் பிடிக்கும்?"

"ஜாதி என்னங்க ஜாதி. நாட்டு நாயோ, சீமை நாயோ, நான் வித்தியாசமே பாக்கறதில்லை. உள்ளுக்குள்ள எல்லாம் ஒண்ணுதானுங்க."

நாரைக்குக் கண் கலங்கியது. இந்த வார்த்தையைக் கேட்கத்தானே இத்தனை நாள் ஒற்றைக் காலில் நின்றது.

"கடைசியா உங்ககிட்ட இருந்த நாய்?"

"இப்ப இல்லீங்க."

"அடப்பாவமே. எப்படிங்க?"

"என் கையிலதான் உசுரு போச்சு. கடைசி வரைக்கும் நான் விடலீங்க."

"வீட்ல வேற யாரும்?"

"தனி ஆளுதானுங்க."

"நல்லதாப் போச்சு. கவனம் சிதறாது."

தண்டபாணி வீடு பார்க்கப் போனது. நஞ்சப்பனின் குகை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூலை முடுக்கெல்லாம் பார்த்தும் ஒரு எலும்புத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

"மிச்சம் வைக்கற பழக்கம் இல்லீங்க," என்றது நஞ்சப்பன்.

"எல்லாரும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்," என்றது தண்டபாணி. "எங்கே, கையைக் காட்டுங்க."

நஞ்சப்பன் கையை நீட்டியது. பஞ்சு மாதிரி பாதம். நகம் அத்தனையும் உள்ளே. தண்டபாணி அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கரடியம்மாகிட்ட இதைத்தான் சொன்னேன், புரிஞ்சுக்கல," என்றது.

தத்துக் கொடுக்கும் விழா ஏரிக்கரையில் நடந்தது. சிறுத்தைக்கு மாலை, நாய்க்குக் குட்டி மாலை. கூட்டத்தின் கடைசியில் மாராத்தாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. சுல்தான் அதையே பார்த்துக்கொண்டு போனது, காரைப் பார்த்த மாதிரி.

விழா முடிவில் நாரை ஒரு செல்போனை நஞ்சப்பனிடம் கொடுத்தது. காட்சிமுனையில் சுற்றுலாக்காரர்களிடம் குரங்குகள் பறித்த போன்களில் ஒன்று அது. மின்கம்பியில் உட்காருகிற காக்கைகள் அலகாலேயே சார்ஜ் ஏற்றித் தரும். நம்பாதவர்கள் காக்கையைக் கேட்டுக்கொள்ளலாம்.

"காலையில ஒரு போட்டோ, சாயங்காலம் ஒரு போட்டோ. குரூப்ல போட்டுடுங்க," என்றது நாரை. "இவனை நல்லபடியா வெச்சுக்கிட்டீங்கன்னா, துணைக்கு இன்னொண்ணு தரலாம்னு இருக்கேன். லேப்ரடாரு. நல்லா கொழுகொழுன்னு இருக்கும்."

நஞ்சப்பன் எச்சிலை விழுங்கியது.

குகைக்குப் போனதும் அது மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தது. சாப்பிடும்போது கழுத்தில் எதுவும் இருந்தால் அதற்கு ஆகாது.

"உம் பேரு என்னடா?"

"சுல்தானுங்க."

"பேரு கேட்டிருக்கக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே நகத்தை வெளியே எடுத்தது.

சுல்தான் அந்த நகத்தைப் பார்த்தது. பிறகு கேட்டது. "அண்ணா, அந்த லேப்ரடாரு எவ்வளவு எடை இருக்கும்ங்க?"

நஞ்சப்பன் நின்றது. யோசித்தது. கையிலிருப்பது பல்லிடுக்குக்குக்கூடப் பத்தாது. வரப்போவது ஒரு வாரத்துக்குத் தாங்கும். சுல்தான் மெல்ல அதன் மடியில் ஏறி உட்கார்ந்து போனைப் பார்த்து நாக்கைத் தொங்கவிட்டது. நஞ்சப்பன் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு முதல் போட்டோவை எடுத்தது.

குரூப்பில் மயில்கள் மாய்ந்து மாய்ந்து இதயக்குறி போட்டன. "அப்பாவும் பிள்ளையும்" என்று ஒரு புள்ளிமான் எழுதியது. நஞ்சப்பனை அதுவரை யாரும் அப்பா என்று சொன்னதில்லை. அதற்கு உள்ளே என்னவோ செய்தது. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் நாரை போன் செய்தது. "போட்டோல நாய் சிரிக்கலையே?" அடுத்த நாள், "குளிப்பாட்டலையா?" அதற்கடுத்து, "ஒரே இடத்துல எடுக்கறீங்களே, வெளிய கூட்டிட்டுப் போறதில்லையா?" நஞ்சப்பன் சுல்தானை ஆற்றுக்குத் தூக்கிப் போய்க் குளிப்பாட்டியது. நனைந்ததும் நாய் இன்னும் பாதியாகிவிட்டது. இதற்காகவா இவ்வளவு பாடு என்று நஞ்சப்பன் ஒரு கணம் வாயைத் திறந்தது.

"லேப்ரடாருக்கு வாலே இவ்வளவு பெருசு இருக்கும்னு சொல்றாங்கண்ணா," என்றது சுல்தான்.

வாய் மூடியது.

நாயைத் தனியே விடக்கூடாது என்பது ஒப்பந்தம். வேட்டைக்கும் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. சுல்தானுக்குச் சருகு அசைந்தாலே குரைக்கிற குணம். புதருக்குள் நஞ்சப்பன் பதுங்கும், முதுகிலிருந்து சுல்தான் குரைக்கும், மான் கூட்டம் மலை தாண்டிவிடும். கொஞ்ச நாளில் மான்கள் ஓடுவதையும் நிறுத்திவிட்டன. புதரை விலக்கிக்கொண்டு அவையே வந்தன. "நஞ்சப்பண்ணா, நீங்கதானா? சுல்தான் குட்டியோட ஒரு செல்பி எடுத்துக்கறோம்," என்று கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றன. மூக்குக்கு நேரே மானின் கழுத்து. ஒரு கடி. ஆனால் போன் ஓடிக்கொண்டிருந்தது, மயில்கள் பார்த்துக்கொண்டிருந்தன. நஞ்சப்பன் பல் தெரியாமல் சிரிக்கப் பழகியது.

விலா எலும்பு வெளியே வந்தது. செல்பிக்கு வந்தவர்கள் ஊட்டிய பண்டத்தில் சுல்தான் மட்டும் உருண்டு திரண்டது. கடைசியில் நஞ்சப்பன் முடியாமல் நாரைக்குப் போன் செய்தது.

"அம்மா, நாயைத் திருப்பி எடுத்துக்கங்க."

எதிர்முனையில் தண்ணீர் சளக்கென்றது. காலைக் கீழே வைத்திருக்கும்.

"ஏனுங்க, உங்களுக்கு மனசு சரியில்லையா? நாயைத் திருப்பிக் குடுக்கறவங்க எல்லாம் உள்ளுக்குள்ள அழுதுட்டு இருக்கறவங்க. தண்டபாணி அண்ணனை அனுப்பறேன், மனசு விட்டுப் பேசுங்க."

"வேற யாருக்காச்சும் குடுத்துடட்டுங்களா?"

"தகுதி உள்ளவங்களுக்குத்தான் குடுக்கோணும். இந்தக் காட்டுல தகுதி உள்ளவரு நீங்க ஒருத்தருதான். வேணும்னா ஒத்தாசைக்கு ஆள் வெச்சுக்கங்க."

"ஆளுக்குத் தகுதி?"

"வேலைக்காரங்களுக்கு எதுக்குங்க தகுதி?"

அன்று மத்தியானமே மாராத்தாள் அந்தக் குகையில் வேலைக்குச் சேர்ந்தது. கூலியாக என்ன வேண்டும் என்று நஞ்சப்பன் கேட்டது அதன் காதில் விழவில்லை. காரணம், சுல்தான் அதன் கழுத்து முடிக்குள் ஏறிக் காதைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு போட்டோவில் நாய் சிரிப்பதில்லை என்ற புகார் வரவில்லை. எடுக்கிறது யார் என்றுதான் போட்டோவில் தெரியாதே.

தனியாக வேட்டைக்குப் போனாலும் மான்கள் செல்பிக்கே வந்து நின்றதால் பட்டினி தீராத நஞ்சப்பன், கொஞ்ச நாள் கழித்து நாரையிடம் கேட்டது. "அந்த லேப்ரடாரு எப்பங்க வரும்?"

"சொல்ல மறந்துட்டனே. அதைக் குடுத்தாச்சு. அது நீந்தற ஜாதி, தண்ணி உள்ள வீடாத்தான் வேணும்னு பாத்து முதலைக்குக் குடுத்தோம்."

"போட்டோ வருதுங்களா?"

"தவறாம வருது. தண்ணிக்குள்ள இருக்கறதால நாய்தான் தெரியறதில்லை. முதலை சிரிச்ச மொகமா இருக்காரு."

நஞ்சப்பன் போனைப் பாறையில் அடித்தது. இத்தனை நாள் பட்டினி, குளிப்பாட்டு, செல்பி, எல்லாம் ஒரு முதலையின் ஏப்பத்தில் போய்விட்டது. திரும்பிப் பார்த்தது. மூலையில் மாராத்தாளின் மடியில் சுல்தான் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதுவே நல்ல எடை இருந்தது.

"இனி இவனை வெச்சு எனக்கு என்ன பிரயோஜனம்?" என்று எழுந்தது.

சுல்தான் கண்ணைத் திறந்தது. இந்த முறை கேட்பதற்கு அதனிடம் லேப்ரடார் இல்லை.

மாராத்தாள் எழுந்திருக்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கிச் சுல்தானுக்கும் சிறுத்தைக்கும் நடுவில் வைத்தது. தகுதியில்லை என்று தள்ளின அதே கை. புற்றைப் பிளந்து பிளந்து கூர் ஏறிய நகம் அத்தனையும் சிறுத்தையைப் பார்த்து நின்றன.

"அண்ணா, மெதுவாப் பேசுங்க. புள்ளை தூங்கறான்," என்றது.

நஞ்சப்பன் தன் கையை ஓங்கியது. நகத்தை வெளியே தள்ளியது. வரவில்லை. உதறிப் பார்த்தது. பாறையில் தட்டிப் பார்த்தது. போட்டோவுக்காக உள்ளேயே வைத்துவைத்து நகமெல்லாம் அங்கேயே குடியிருந்து பழகிவிட்டன. ஓங்கிய கை பஞ்சு மாதிரி வந்து கரடியின் கையில் விழுந்தது.

"கஞ்சி வெச்சுத் தரட்டுங்களா?" என்றது மாராத்தாள்.

நஞ்சப்பன் உட்கார்ந்து அழுதது. இந்த இடத்தில்தான் தண்டபாணி, போட்டோ வரவில்லையே என்று விசாரிக்க வந்து சேர்ந்தது. நாயைப் பார்த்தது. கொழுகொழுவென்று இருந்தது, திருப்தி. கரடியைப் பார்த்தது. வேலைக்காரி, வேலைக்காரிக்கு நகம் இருக்கலாம். பிறகு எலும்பும் தோலுமாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மூன்றாவது ஜீவனைப் பார்த்துப் பதறிவிட்டது.

"அட ஆண்டவனே. இதை யாரு இப்படிக் கொடுமைப்படுத்தினது?"

நாரைக்கு ஆள் போனது. நாய்களை மட்டும்தான் காப்பாற்றவேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை என்று நாரை உடனே முடிவெடுத்தது. மூன்று வேளைச் சாப்பாடு என்றதும் நஞ்சப்பன் மறுபேச்சு இல்லாமல் நடந்து போய்த் தானே இல்லத்துக்குள் புகுந்துகொண்டது.

குகையில் சுல்தானை விட்டுவைக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. தண்டபாணி தீர்த்துவைத்தது. "நான் வீட்டைப் பாத்துத்தான் சரின்னு சொன்னேன். வீடு அப்படியேதான் இருக்குது." ஆகவே சுல்தான் அந்த வீட்டிலேயே இருந்தது. மாராத்தாளும் இருந்தது, வேலைக்காரியாக. எஜமான் மட்டும் கிடையாது. மலைப்பாதையில் கார் சத்தம் கேட்டால் சுல்தான் ஒரு காதை மட்டும் தூக்கும், பிறகு அதையும் போட்டுவிடும்.

இல்லத்தில் நஞ்சப்பன் தேறிவந்தது. உடம்பில் சதை பிடித்தது, மேல்தோல் மினுமினுத்தது. ஒருநாள் காலையில் அதைத் தத்து எடுக்க ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்து மலையிலிருந்து வந்த புலி, பெயர் சின்னச்சாமி. கைகளை மடித்துப் பணிவாக உட்கார்ந்திருந்தது. பாதம் பஞ்சு மாதிரி இருந்தது.

நஞ்சப்பன் நாரையின் காலுக்குப் பின்னால் ஒளிந்தது.

"அம்மா, அவரு என்னையப் பாத்து எச்சில் முழுங்கறாருங்க."

"அது பாசம் கண்ணு," என்று சொல்லிவிட்டு, விசாலாட்சி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு புலியைக் கேட்டது. "சிறுத்தை வளத்த அனுபவம் உண்டுங்களா?"

"வளத்ததில்லீங்க," என்றது சின்னச்சாமி. "ஆனா சின்ன வயசுல இருந்தே பிரியம்."

நீதி: நகம் இருப்பது குற்றமில்லை, வீடு பார்க்க ஆள் வருகிற நேரத்தில் அதை வெளியே வைத்திருப்பதுதான் குற்றம், உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரியாத நல்லவர்கள் நாய் வளர்க்க ஆசைப்பட்டால், இழுத்துக்கொள்ளத் தெரிந்தவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து காத்திருக்கவும்.